கீழ்ப்படிவுள்ள ஊழியன்

அப்பாவின் கோப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. பழுப்பு நிற அட்டை, கறள் பிடித்த கம்பி, உள்ளே 41 கடிதங்களின் காபன் பிரதிகள். அம்மா ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது கொண்டுவந்த கொஞ்சச் சாமான்களில் இதுவும் ஒன்று. ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்டதற்கு, அவர் இரவிரவாகத் தட்டினவர், விட்டிட்டு வர மனம் வரேல்லை என்றார்.

எண்பதுகளில் எங்கள் ஊரில் ஒரு பிரசைகள் குழு இருந்தது. அப்பா அதன் செயலாளர். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆங்கிலம் தெரிந்தவர், வீட்டில் தட்டச்சுப்பொறி வைத்திருந்தவர். அந்தப் பதவிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. கடிதங்கள் எல்லாம் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு எழுதப்பட்டவை. காலம் மாறியது, முகாம்களில் இருந்தவர்கள் மாறினார்கள், பெறுநர் முகவரி மாறியது. கேட்கப்பட்டவை மாறவில்லை. இன்ன திகதி பிடித்துச்செல்லப்பட்ட இன்னாரின் மகன் எங்கே? வயலுக்குப் போகும் பாதையைத் திறந்துவிட முடியுமா? எல்லாக் கடிதங்களும் ஒரே வரியில் முடிகின்றன: தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன். அதன்கீழே அப்பாவின் கையொப்பம். பதில் என்று கோப்பில் இருப்பவை இரண்டு. ஒன்றில், கடிதம் கிடைத்தது என்று மட்டும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் பென்சில்வேனியாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஒப்படை. ஜோர்ஜ் வாஷிங்டன் 1777 டிசம்பர் 23 அன்று வேலி போர்ஜ் பாசறையிலிருந்து எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு கேள்விகளுக்கு விடை எழுதவேண்டும். மாமா, நீங்கள் சரித்திரம் படிப்பிச்சனீங்கள்தானே என்று தாளைக் கொண்டுவந்து தந்தான். கடிதத்தின் கடைசி வரியில் என் கண் நின்றுவிட்டது. அப்பா எழுதிய அதே வரி. ஆனால் இங்கே அதை எழுதியவர் ஒரு படையின் தளபதி. எழுதப்பட்டது, ஆயுதம் எதுவும் இல்லாத ஒரு சபையின் தலைவருக்கு.

அன்றிலிருந்து இந்தக் கடிதங்களைப் படித்துவருகிறேன். அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத்தளத்தில் அவற்றை எவரும் காசில்லாமல் படிக்கலாம். அந்த வரிக்குப் பெரிய அர்த்தம் கொடுக்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். அது அக்காலத்து மரியாதைச் சொல். எதிரித் தளபதிகளுக்கு எழுதும்போதும் அப்படித்தான் முடிப்பார்கள். நான் தேடியது வேறொன்று. வெறும் சம்பிரதாயமான அந்த வரி, எட்டு வருடப் போரில் எப்படி உண்மையாயிற்று? எங்கெங்கே பொய்யாயிற்று?

1775 ஜூன் 15 அன்று பிலடெல்பியாவில் கூடியிருந்த கண்டக் காங்கிரஸ் வாஷிங்டனைத் தலைமைத் தளபதியாகத் தெரிவுசெய்தது. அவர் சம்பளம் வேண்டாம் என்றார், செலவுக்குக் கணக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நியமனப் பத்திரத்தில் ஒப்பமிட்டவர் சபைத் தலைவர் ஜோன் ஹன்கொக். அந்தத் தளபதிப் பதவி தனக்குக் கிடைக்கும் என்று ஹன்கொக் எதிர்பார்த்திருந்ததாக ஜோன் அடம்ஸ் பின்னாளில் எழுதினார். பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இந்தக் காங்கிரசோ இனி வரும் காங்கிரசோ அவ்வப்போது இடும் கட்டளைகளை அவர் பின்பற்றவேண்டும்.

இந்தச் சபையின் நிலையை நினைத்துப் பார்க்கவேண்டும். வரி அறவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. 13 மாநிலங்களிடம் கேட்டு வாங்கத்தான் முடியும், மாநிலங்கள் கொடுத்தால் உண்டு. அச்சிட்ட காகிதக் காசு வருடாவருடம் பெறுமதி இழந்தது. எதிரி நெருங்கியபோது சபையே இடம்பெயர்ந்தது. பிலடெல்பியாவிலிருந்து பல்ரிமோர், திரும்பவும் பிலடெல்பியா, லங்காஸ்டரில் ஒரு நாள், பிறகு சஸ்குவஹன்னா ஆற்றுக்கு அப்பால் யோர்க். நாட்டில் உண்மையான பலம் ஏதாவது இருந்ததென்றால் அது வாஷிங்டனின் பாசறையில்தான் இருந்தது. அந்தப் பலம்தான் குதிரைவீரர் கையில் கடிதம் கொடுத்தனுப்பி, சபையைத் தேடிப்பிடித்து, அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது.

கடிதங்களை அனேகமாக உதவியாளர்கள் எழுதினார்கள். ரொபேர்ட் ஹரிசன், டென்ச் டில்மன், அலெக்சாண்டர் ஹமில்டன், ஜோன் லோரன்ஸ் போன்ற இளைஞர்கள் வரைவார்கள், தளபதி திருத்தி ஒப்பமிடுவார். அவர் பதவியில் இருந்த காலத்தில் சபைத் தலைவர்களாக எட்டுப் பேர் வந்துபோனார்கள். சிலரை அவருக்குப் பிடிக்கும், சிலரைப் பிடிக்காது. முகவரி ஒன்றுதான். கடிதம் ஆளுக்குப் போகவில்லை, கதிரைக்குப் போயிற்று.

முகவரி எவ்வளவு முக்கியம் என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது. 1776 ஜூலையில் பிரித்தானியக் கடற்படைத் தளபதி ஹோ பிரபு அனுப்பிய கடிதத்தின் உறையில் வாஷிங்டனின் பதவி குறிக்கப்படவில்லை. வெறும் கனவான் ஒருவருக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தார். வாஷிங்டனின் அதிகாரிகள் கடிதத்தை வாங்க மறுத்தார்கள். பதவியைக் குறிக்காத உறையை வாங்கினால், அந்தப் பதவியைத் தந்த சபை என்று ஒன்று இல்லை என ஒப்புக்கொண்டதாகிவிடும். வாஷிங்டன் நடந்ததை அன்றே காங்கிரசுக்கு எழுதினார். சபை அவர் செய்தது சரி என்று தீர்மானம் போட்டது.

முதல் வருடத்திலேயே கடிதங்களில் ஒரு பழக்கம் உருவாகிவிடுகிறது. கெட்ட செய்தியை மறைக்காமல் எழுதுவது. 1775 ஓகஸ்டில் பொஸ்டனைச் சுற்றி வளைத்திருந்த படையிடம் 300 பீப்பாய்க்கும் அதிகமான வெடிமருந்து இருப்பதாக வாஷிங்டன் நம்பியிருந்தார். எண்ணிப் பார்த்தபோது மசச்சூசெற்ஸ் களஞ்சியத்தில் இருந்தது 36 பீப்பாய். ஒரு வீரனுக்கு ஒன்பது வெடிகூடத் தேறாது. செய்தியைக் கேட்டு அவர் அரை மணிநேரம் பேசாமல் இருந்தார் என்று தளபதி சலிவன் எழுதியிருக்கிறார். அதன்பின் ஹன்கொக்குக்கு முழுக் கணக்கையும் எழுதினார். வழியில் எதிரி கையில் சிக்கினால் படையே அழிந்திருக்கக்கூடிய கடிதம் அது. ஆனால் தன்னை நியமித்தவர்களுக்குத் தெரியாமல் வைத்திருக்க அவர் நினைக்கவில்லை.

அடுத்த வருடம் இன்னொரு வகையான சோதனை. நியூயோர்க் கைநழுவப் போகிறது என்பது தெளிவாகிவிட்டது. நகரத்தை எதிரியின் குளிர்காலக் குடியிருப்பாக விட்டுவிட்டுப் போவதா, எரித்துவிட்டுப் போவதா? போர்க்கணக்கில் எரிப்பதே லாபம் என்பது அவருக்குத் தெரியும். செப்டெம்பர் 2 அன்று காங்கிரசிடம் கேட்டார். மறுநாளே சபை தீர்மானித்தது: நகரத்துக்குச் சேதம் வரக்கூடாது, அதை மீண்டும் பிடிப்போம் என்பதில் ஐயமில்லை. அவர் எரிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் எப்படியோ தீப்பிடித்து நகரத்தின் கால்வாசி அழிந்தது. விதியோ, யாரோ ஒரு நல்ல மனிதனோ எங்களுக்காக அதைச் செய்துவிட்டான் என்ற கருத்தில், தன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட உறவினருக்கு எழுதினார். தனிப்பட்ட கடிதத்தில் அவர் மனம் தெரிகிறது. கட்டளை தவறு என்றே அவர் நினைத்தார். தவறென்று நினைத்த கட்டளைக்கும் கட்டுப்பட்டார்.

அந்த வருடம் டிசம்பரில் படை கரைந்துகொண்டிருந்தது. வருடக் கடைசியோடு பெரும்பாலான வீரர்களின் ஒப்பந்தம் முடிகிறது. 20ஆம் திகதி வாஷிங்டன் கூடுதல் அதிகாரம் கேட்டு எழுதினார். பல்ரிமோருக்கு ஓடியிருந்த காங்கிரஸ் 27ஆம் திகதி அதைக் கொடுத்தது. புதிய பட்டாளங்கள் திரட்டலாம், அதிகாரிகளை நியமிக்கலாம், நீக்கலாம், நியாய விலைக்கு விற்க மறுப்பவர்களிடமிருந்து பொருட்களை எடுத்துக்கொள்ளலாம், காங்கிரசின் காகிதக் காசை வாங்க மறுப்பவர்களைக் கைதுசெய்யலாம். காலம் ஆறு மாதம். முதல்நாள்தான் அவர் பனியில் டெலவெயார் ஆற்றைக் கடந்து டிரென்டனில் வென்றிருந்தார். அந்தச் செய்தியை எழுதிய கடிதமும், அதிகாரம் கொடுத்த தீர்மானமும் ஒரே திகதியைச் சுமக்கின்றன. தோற்றுக்கொண்டிருப்பவர் என்று நினைத்தே சபை அவரிடம் அத்தனையையும் கொடுத்தது.

இதே நாட்களில் ஒற்றர்களுக்குக் கொடுக்க நல்ல காசு வேண்டும் என்று பிலடெல்பியாவில் தங்கியிருந்த சபை உறுப்பினர் ரொபேர்ட் மொரிசுக்கு எழுதினார். மொரிஸ் தேடிப்பிடித்து 410 ஸ்பானிய டொலர்களும் வேறு சில நாட்டுச் சில்லறை நாணயங்களும் அனுப்பினார். ஒரு புரட்சியின் புலனாய்வுச் செலவு அவ்வளவுதான்.

1777 ஜனவரி 1 அன்று, அதிகாரம் கிடைத்ததற்கு வாஷிங்டன் எழுதிய பதில் சிறியது. இந்த நம்பிக்கையால் குடிமக்களுக்குரிய கடமைகளிலிருந்து தான் விடுபட்டுவிட்டதாக நினைக்கவில்லை என்கிறார். வாள் எங்கள் உரிமைகளைக் காக்கக் கடைசியாக எடுத்தது. அந்த உரிமைகள் உறுதியானதும் முதலில் கீழே வைக்கப்படவேண்டியதும் அதுதான். இந்த யோசனையை இந்தப் பதிலில் எழுதவேண்டும் என்று அவரிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.

இனி, மருமகனின் ஒப்படைக்கு வருகிறேன். 1777 டிசம்பரில் பிலடெல்பியா எதிரியின் கையில். காங்கிரஸ் யோர்க்கில். படை பட்டினி. 10ஆம் திகதி காங்கிரஸ் ஒரு தீர்மானம் அனுப்பியது. சுற்றியுள்ள கமக்காரரிடமிருந்து தானியத்தையும் மாட்டையும் பறிக்கத் தளபதி தயங்குகிறார், இந்தத் தயக்கம் அளவுக்கு மிஞ்சியது என்பது அதன் சாரம். இதைப் படித்தபோது எனக்குச் சற்றுத் தலை சுற்றியது. துப்பாக்கி இல்லாதவர்கள் பறி என்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் வேண்டாம் என்கிறார். அவருடைய பதிலில் ஒரு கூர்மையான அவதானம் இருக்கிறது. மக்கள் பழக்கத்தால் ஆளப்படுபவர்கள். சட்டசபை இடும் கட்டளைக்குக் கேள்வி கேட்காமல் பணிந்து பழகியிருக்கிறார்கள். படை இடும் கட்டளையை, அது யாரிடமிருந்து வந்த அதிகாரமாக இருந்தாலும், சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். ஆகவே எடுக்கவேண்டியதைக் குடியியல் அதிகாரிகளைக் கொண்டு எடுப்பியுங்கள் என்றார். பெப்ரவரியில் வேறு வழியில்லாமல், தளபதி நதானியேல் கிரீனை அனுப்பி, பற்றுச்சீட்டு எழுதிக்கொடுத்து, எடுக்கத்தான் செய்தார்கள். அந்தச் சீட்டுக்களை வைத்திருந்த கமக்காரருக்கு அது இனித்திருக்காது. ஆனால் அது அவர் தேடிப்போன வழி இல்லை.

23ஆம் திகதிக் கடிதம் கோபத்தில் எழுதப்பட்டது. முதல்நாள் எதிரிப் படையொன்று வெளியே வந்ததாகச் செய்தி கிடைத்து, புறப்படும்படி கட்டளையிட்டால், உணவில்லாமல் படையால் அசைய முடியவில்லை. முந்திய இரவு ஒரு கலகத்தைச் சிரமப்பட்டு அடக்கியிருந்தார்கள். முகாமில் வெட்டுவதற்கு ஒரு கால்நடைகூட இல்லை. மா 25 பீப்பாய்க்கு மேல் இல்லை. சப்பாத்தும் உடுப்பும் இல்லாததால் 2,898 பேர் கடமைக்குத் தகுதியற்றவர்கள். சவர்க்காரம் கொடுப்பதாகக் காங்கிரஸ் எப்போதோ தீர்மானித்திருந்தது. இப்போது அதற்குப் பெரிய தேவையில்லை என்கிறார். சிலரிடம்தான் ஒன்றுக்கு மேற்பட்ட சட்டை இருக்கிறது, பலரிடம் பாதிச் சட்டை, சிலரிடம் அதுவுமில்லை. நிலைமை மாறாவிட்டால் இந்தப் படை பட்டினி கிடக்கவேண்டும், கலையவேண்டும், அல்லது சிதறிப்போகவேண்டும். குளிர்காலத்தில் படை ஓய்வெடுக்கக்கூடாது என்று கண்டன மனு எழுதிய பென்சில்வேனியாச் சட்டசபையினருக்கும் பதில் இருக்கிறது. நல்ல அறையில் கணப்பருகே இருந்து கண்டனம் எழுதுவது சுலபம். குளிரடிக்கும் மேட்டில் போர்வையில்லாமல் உறைபனியில் படுப்பது அவ்வளவு சுலபமில்லை.

குற்றச்சாட்டு யார்மேல் என்பதும் தெளிவு. போக்குவரத்துக்கும் தளபாடங்களுக்கும் பொறுப்பான திணைக்களத்திடமிருந்து ஜூலை மாதம் தொடக்கம் எந்த உதவியும் இல்லை என்று எழுதுகிறார். அந்தத் திணைக்களத்துக்குத் தலைவராக இருந்தவர் தோமஸ் மிப்ளின். ஒக்ரோபரில் உடல்நலத்தைக் காட்டிப் பதவி விலகக் கடிதம் கொடுத்தவர். இந்தப் பெயரை நினைவில் வைத்திருக்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சபையில் இவ்வளவு கோபத்தைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு குழுவைப் பாசறைக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள், கண்ணால் கண்டார்கள். மார்ச்சில் கிரீன் திணைக்களத்துக்குப் பொறுப்பானார், சாமான்கள் வரத்தொடங்கின. இதற்கிடையில் ஏறக்குறைய 2,000 பேர் நோயில் செத்திருந்தார்கள்.

அதே குளிர்காலத்தில் தளபதியை மாற்றவேண்டும் என்ற குரல்களும் எழுந்தன. சரட்டோகாவில் வென்ற ஹொரேஷியோ கேட்ஸ் வெற்றிச் செய்தியை வாஷிங்டனைத் தாண்டிக் காங்கிரசுக்கு நேரே அனுப்பியிருந்தார். கேட்சுக்கும் கொன்வேக்கும் இடையே நடந்த கடிதப் பேச்சு கசிந்தது. மிப்ளினின் பெயரும் அந்தப் பக்கத்தில் அடிபட்டது. ஜனவரியில் காங்கிரஸ் கூடும் கட்டடத்தின் படியில் பெயரில்லாத ஒரு தாள் கிடந்தது. அமெரிக்க மக்கள் ஒரு மனிதனைத் தெய்வமாக்கிவிட்டார்கள் என்பதுவரை அதில் குற்றச்சாட்டு. சபைத் தலைவர் ஹென்றி லோரன்ஸ் அதைச் சபையில் வைக்காமல் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். நண்பர் செய்கிற உதவி.

ஜனவரி 31 அன்று வாஷிங்டன் எழுதிய பதிலை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அந்தத் தாளைச் சபையில் வையுங்கள் என்கிறார். மறைத்தால் பிறகு உங்களுக்குத்தான் சங்கடம். என் நடத்தையை விசாரிக்கும் உரிமையை நான் தடுக்க விரும்பவில்லை. எதிரிகள் சொல்வதை மறுப்பதென்றால் படையின் இரகசியங்களை வெளியில் சொல்லவேண்டும், அதை என்னால் செய்யமுடியாது, அது அவர்களுக்கும் தெரியும் என்று ஒரு வருத்தமும் அதில் இருக்கிறது. அவரிடம் ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகள் இருந்தன. பெயரில்லாமல் எழுதியவர் யார் என்று தேடிப்பிடிக்க ஆளனுப்பியிருக்கலாம். பெயரில்லாக் கடிதங்களுக்கு எங்கள் ஊரில் என்ன நடந்தது என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இது ஒரு புகழ்மாலை. ஆனால் இந்தக் கடிதங்கள் போய்ச்சேராத இடங்கள் இருந்தன.

ஹென்றி லோரன்சின் மகன்தான் பாசறையில் கடிதங்கள் வரைந்த ஜோன் லோரன்ஸ். தகப்பன் சார்ல்ஸ்டனில் அடிமை வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். அந்த ஜனவரியில் மகன் தகப்பனுக்கு எழுதினான். எனக்குச் சொத்து எழுதிவைப்பதற்குப் பதிலாக உங்கள் அடிமைகளில் திடமான ஆண்களைத் தாருங்கள், அவர்களைப் படைவீரர்களாக்கி விடுதலையும் கொடுக்கலாம். 1779 மார்ச்சில், தென் கரோலினாவும் ஜோர்ஜியாவும் 3,000 கறுப்பின வீரர்களைத் திரட்டலாம் என்று காங்கிரஸ் பரிந்துரைத்தது. தென் கரோலினா மறுத்துவிட்டது. வாஷிங்டனும் இதை ஊக்கப்படுத்தவில்லை. ஜோன் லோரன்ஸ் 1782 ஓகஸ்டில் ஒரு சிறு மோதலில் கொல்லப்பட்டார். போர் முழுவதும் வாஷிங்டனின் பக்கத்திலேயே குதிரையில் போன வில்லியம் லீ அவருக்குச் சொந்தமான அடிமை. பாசறையின் கடிதப் பெட்டியருகே நின்ற அந்த மனிதருக்கு, மனு அனுப்ப ஒரு சபை இருக்கவில்லை.

1779 மே 31 அன்று சலிவனுக்கு அனுப்பிய அறிவுறுத்தலும் அதே நிதானமான நடையில், அதே மரியாதையோடு எழுதப்பட்டது. பிரித்தானியர் பக்கம் நின்ற இரோக்குவா மக்களின் குடியிருப்புகளை முற்றாக அழிக்கவேண்டும் என்கிறது அது. 40 ஊர்களையும் 160,000 புசல் சோளத்தையும் அழித்ததாகச் சலிவன் அறிக்கை கொடுத்தார். காங்கிரஸ் நன்றி சொன்னது. நியூயோர்க்கை எரிக்க அனுமதி கேட்டவர்கள், இங்கே எவரிடமும் தயங்கி நிற்கவில்லை. படை சபைக்குப் பணிவது ஒரு பெரிய காரியம். அந்தச் சபையில் யாருக்குக் கதிரை இல்லை என்பது இன்னொரு காரியம். முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று இந்தக் கடிதங்கள் காட்டவில்லை.

1781 ஒக்ரோபரில் யோர்க்டவுணில் கோர்ன்வாலிஸ் சரணடைந்தார். பதினொரு வருடம் கழித்து ஸ்ரீரங்கபட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்து, பாராமகாலையும் திண்டுக்கல்லையும் கம்பனிக்கு வாங்கிக்கொடுத்தவர் இதே கோர்ன்வாலிஸ்தான். வெற்றிக் கடிதத்தை டில்மன் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தபோது, அவருடைய வழிச்செலவைக் கொடுக்கத் திறைசேரியில் காசு இல்லை. உறுப்பினர்கள் ஆளுக்கொரு டொலர் போட்டார்களாம்.

போர் முடிந்ததும் ஆபத்து முடியவில்லை, கூடியது. நியூபேர்க்கில் முகாமிட்டிருந்த படைக்குச் சம்பளம் இல்லை. 1782 மே மாதம் லூயிஸ் நிக்கோலா என்ற அதிகாரி, வாஷிங்டனே அரசராகலாம் என்ற பொருள்பட எழுதினார். அன்றே கடுமையான பதில் போயிற்று. அதன் பிரதி சரியானதுதான் என்று உதவியாளர்களிடம் ஒப்பமும் வாங்கிவைத்தார். 1783 பெப்ரவரியில் இப்போது காங்கிரஸ் உறுப்பினராகிவிட்ட ஹமில்டன் எழுதினார். படையின் மனக்குறை சபையிலுள்ள மந்தமானவர்களை அசைக்கப் பயன்படும், அதை நீங்கள் வழிநடத்தவேண்டும். வாஷிங்டன் ஏப்ரலில் கொடுத்த பதில்: படை விளையாடுவதற்கு ஆபத்தான கருவி. இங்கேயும் ஆயுதத்தைத் தூக்கிக் காட்டும் ஆசை, ஆயுதம் இல்லாதவர்களிடமிருந்துதான் முதலில் வருகிறது.

இரண்டுக்கும் இடையில், மார்ச் 15 அன்று, கலகத்துக்குத் தயாரான அதிகாரிகளின் கூட்டத்தில் அவர் எழுதிக்கொண்டுவந்த உரையைப் படித்தார். முகங்கள் இளகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். வர்ஜீனியாவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஜோசப் ஜோன்ஸ் எழுதியது, சபையின் கஷ்டங்களைச் சொல்வது. எழுத்துத் தெரியவில்லை. தடுமாறி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். அவர் கண்ணாடி போட்டு அதிகாரிகள் பார்த்ததில்லை. உங்கள் சேவையில் தலை நரைத்தது, இப்போது கண்ணும் மங்குகிறது என்றார். பலர் அழுதார்கள் என்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் கண்ணாடியைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கடிதம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஆயுதம் ஏந்திய கோபக்காரர்கள் முன்னால் அவர் எடுத்து நீட்டியது, ஒரு சாதாரண உறுப்பினரின் கடிதம்.

மூன்று நாளில் அதிகாரிகளுக்காகக் காங்கிரசுக்கு எழுதினார். 22ஆம் திகதி சபை அவர்களுக்கு ஐந்து வருடச் சம்பளம் என்று தீர்மானித்தது. சாதாரண வீரர்களின் கதை வேறு. ஜூனில் மூன்று மாதச் சம்பளத்துக்கான சீட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பலர் அதை வந்த விலைக்கு விற்றுவிட்டு நடந்தார்கள்.

1783 டிசம்பரில் காங்கிரஸ் அனாபொலிசில் இருந்தது. வாஷிங்டன் நியமனப் பத்திரத்தைத் திருப்பிக்கொடுக்க வந்தார். உறுப்பினர்கள் இருபது பேரளவில்தான் வந்திருந்தார்கள். என்ன ஒழுங்கில் நடக்கவேண்டும் என்று முன்பே ஒரு குழு எழுதிவைத்திருந்தது. உறுப்பினர்கள் தொப்பியோடு அமர்ந்திருப்பார்கள். தளபதி எழுந்து தலை வணங்குவார். அவர்கள் தொப்பியை உயர்த்துவார்கள், தலை வணங்கமாட்டார்கள். அப்படியே நடந்தது. தாளைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது. பேசி முடித்து, 1775இல் ஹன்கொக் ஒப்பமிட்ட பத்திரத்தைச் சபைத் தலைவர் கையில் கொடுத்தார்.

சபைத் தலைவர் தோமஸ் மிப்ளின். திகதி டிசம்பர் 23. வேலி போர்ஜிலிருந்து அந்தக் கோபக் கடிதம் போய்ச் சரியாக ஆறு வருடம்.

தன் வீரர்கள் சப்பாத்தில்லாமல் சாக யாருடைய கவனக்குறைவு காரணம் என்று எழுதினாரோ, தன்னை மாற்றக் கேட்டவர்களோடு யாருடைய பெயர் அடிபட்டதோ, அந்த மனிதர்முன் தலை வணங்கினார். மிப்ளினுக்கு வணங்கியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கதிரைக்கு வணங்கினார். எட்டு வருடம் கதிரைக்கு எழுதிப் பழகிய ஒருவருக்குத்தான் அது முடியும்.

1781இலேயே தன் போர்க்காலக் கடிதங்களைப் பிரதி எடுத்து ஒழுங்குபடுத்த எழுத்தர்கள் வேண்டும் என்று காங்கிரசிடம் கேட்டு, அனுமதி வாங்கியிருந்தார். ரிச்சர்ட் வரிக் என்பவரின் பொறுப்பில் 44 தொகுதிகள் எழுதி முடிக்கப்பட்டன. வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். நான் என்ன செய்தேன், யாரிடம் கேட்டுச் செய்தேன் என்பதைப் பின்னால் வருபவர்கள் பார்க்கலாம். மேலே நான் சொன்ன இரோக்குவா அறிவுறுத்தலும் அந்தக் கடிதக் குவியலில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவின் கோப்பை மறுபடி திறந்தேன். அப்பாவின் கடிதங்கள் எவரையும் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் 41 பிரதிகளிலும் திகதி இருக்கிறது, பிடிக்கப்பட்ட பிள்ளையின் முழுப்பெயர் இருக்கிறது, தகப்பன் பெயர், வயது, கடைசியாக என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்பது இருக்கிறது. எங்கள் போரை நடத்தியவர்கள் எவராவது, யாரிடமாவது, இதைச் செய்யலாமா என்று கேட்டு எழுதிய கடிதம் எங்கேயாவது இருக்குமா? இருந்தால் நான் படிக்க விரும்புகிறேன்.

மருமகனின் ஒப்படையில் நான்காவது கேள்வி, இந்தக் கடிதத்தின் நோக்கம் என்ன என்பது. உணவும் உடுப்பும் கேட்பது என்று எழுதியிருந்தான். சரிதான் என்றேன். அந்தக் கடைசி வரியையும் ஒருக்கா வாசி என்றேன். அது சும்மா போடுறது, மாமா என்றான்.